பஸ்மியாவுக்குப் பதியாத வாரங்கள்

பஸ்மியாவை ஓர் இடத்தில் இருத்தி வைப்பது லேசான காரியமில்லை. தேத்தண்ணியைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைப்பாள், வெளியே போய்த் தண்ணீர் மோட்டர் சுவிட்சைத் தட்டிவிட்டு வருவாள், ஆறிப்போன மிச்சத்தை ஒரே மடக்கில் முடிப்பாள். "இவளைக் காலில சில்லுப் பூட்டித்தான் பெத்தனான்" என்று அவளுடைய உம்மா சொல்லுவா.

கிண்ணியாவில் பிறந்து வளர்ந்தவள். திருகோணமலை நகரில் உள்ள ஒரு சாரதிப் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓடப் பழக்குவது அவள் வேலை. காலையில் பாலம் கடந்து வந்து, உட்துறைமுக வீதியில் வாகனம் கூடுவதற்கு முன் முதல் ஆளை ஏற்றிவிடுவாள். பழக வருகிறவர்கள் ஆசிரியைகள், நேர்ஸ்மார், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்க வேண்டிய தாய்மார். பின்சீட்டில் இருந்து பழக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டே கத்துவாள்: "கண்ணாடியப் பாருங்க! காலைப் பாக்காதீங்க!" தடுமாறிக்கொண்டிருந்த ஒருத்தி திடீரென்று ஒரு நாள் சமநிலையைப் பிடித்துக்கொண்டு தனியே போய்விடுவாள். அந்தக் கணத்துக்காகத்தான் இந்த வேலையைச் செய்வதாக அவள் சொல்வாள்.

இருபத்தேழு வயதில் அவளுக்கும் மூதூர் முனாஸுக்கும் கலியாணம் நிச்சயமானது. முனாஸ் கட்டாரில் மின்சார வேலை செய்பவன். அதிகம் கதைக்கமாட்டான், ஆனால் அவள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பான். மோதிரம் போட வந்த அன்று அவனுடைய உம்மா நஜ்முன் நிஸா பஸ்மியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கலியாணத்துக்குப் பிறகு இந்த ரோட்டு வேலை வேணாம் மகள், என்ன?" என்று கேட்டா. "ஓம் மாமி" என்றாள் பஸ்மியா. வாசலில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கதிரை காணாது என்று குசினிப் பக்கம் ஓடினாள்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, நோன்புப் பெருநாள் முடிந்த கிழமையில், அவளுக்குத் தலையிடியும் காய்ச்சலும் வந்தன. பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். லிங்கநகரில் இருந்து வரும் லக்சனாவுக்கு அன்று மூன்றாவது வகுப்பு. "கண்ணாடியப் பாருங்க" என்றாள் பஸ்மியா. லக்சனா பார்த்தாள். திரும்பவும் சொன்னாள். ஸ்கூட்டி நின்ற பிறகும் சொல்லிக்கொண்டேயிருந்தாள். "மிஸ், நான் இறங்கிட்டன்" என்று லக்சனா சொன்னது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மதிலில் வைத்துவிட்டு, கடற்கரையோரமாக நடக்கத் தொடங்கினாள். லக்சனா பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோது, "என்னைப் பாத்துக்கொண்டு வாறாங்க, நில்லாதீங்க" என்றாளாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகு அவள் படுக்கவில்லை. ஹோலில் இருந்து குசினி, குசினியில் இருந்து ஹோல் என்று நடந்துகொண்டேயிருந்தாள். போன் தன்னை ஒட்டுக்கேட்கிறது என்று அதை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். சொந்தக்காரர் ஒருவர், இது ஜின்னுடைய வேலை என்றார். ஓதுகிற ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் ஓதிவிட்டு, "காய்ச்சலும் இருக்கு, ஆஸ்பத்திரியிலயும் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தங்கை ஸஹ்ராவைப் பயமுறுத்தியது வேறொன்று. ராத்தா பஸ்மியாவின் வாய் ஒன்றுமில்லாத எதையோ மென்றுகொண்டிருந்தது. வலது கை விரல்கள் காற்றில் நூல் சுற்றுவதுபோல உருண்டுகொண்டிருந்தன. கையைப் பிடித்து நிறுத்தினால் சற்று நிற்கும், விட்டால் தொடங்கும்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது வலிப்பு வந்தது. வாப்பா ஸஹாப்தீன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் முதலில் மனநோய் என்றுதான் நினைத்தார்கள். அவள் கத்திய கத்துக்கு யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். விஷயம் கேள்விப்பட்ட முனாஸ் அவசர லீவில் வந்து இறங்கி, உம்மாவையும் கூட்டிக்கொண்டு பார்வையாளர் நேரத்தில் வார்டுக்கு வந்தான். அங்கே நடந்ததை அந்த வார்டே பார்த்தது. பஸ்மியா கட்டிலில் எழுந்து நின்று, "ஸ்கூட்டிய விடமாட்டன்! நீங்களும் வேணாம், உங்கட வீடும் வேணாம்!" என்று கத்தி, மோதிரத்தைக் கழற்றி எறிந்தாள். அவளைப் பிடித்து இருத்தப் போன நஜ்முன் நிஸாவின் மணிக்கட்டைக் கடித்தாள். இரத்தம் வந்தது. மோதிரத்தைக் கட்டிலுக்கடியில் தேடி எடுத்தவள் ஸஹ்ரா. முனாஸ் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டான்.

அதற்குப் பிறகு இரண்டொரு நாளில் அவள் கதைப்பதை நிறுத்திவிட்டாள். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டாள். வாய் மட்டும் மென்றுகொண்டிருக்கும். அந்த வாயைக் கவனித்த ஒரு பெண் டொக்டர்தான், இது மனநோய் மாதிரித் தெரியவில்லை, மூளையில் அழற்சியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, அவளைக் கண்டிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

கண்டியில் முள்ளந்தண்டில் இருந்து நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள். சூலகத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. அதை வெட்டி எடுத்தார்கள். பிறகு கழுத்தில் குழாய் போட்டு, இரத்தத்தை வெளியே எடுத்து, அதன் நீர்ப்பகுதியை மாற்றித் திரும்ப ஏற்றினார்கள். அப்படிப் பல தடவை. வாப்பா வேலையை விட்டுவிட்டு வந்து கிடந்தார். முனாஸ் வார்டுக்கு வெளியே மர வாங்கில் படுத்து எழும்பினான். மருந்து வாங்க ஓடுவதும், இரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பதும் அவன்தான். நஜ்முன் நிஸா போன் எடுத்து, "போதும், வா" என்றபோது, "அவ என்னைப் பாத்து ஆரெண்டு சொல்லட்டும் உம்மா" என்றானாம்.

அவள் சொன்னாள். ஒரு நாள் பின்னேரம், கஞ்சி பருக்கிக்கொண்டிருந்த உம்மாவைப் பார்த்து, "இது எந்த இடம்?" என்று கேட்டாள். குரல் தேய்ந்திருந்தது. முனாஸை உள்ளே விட்டபோது, "எப்ப வந்தீங்க?" என்றாள்.

கிண்ணியாவுக்குத் திரும்பி வந்தபோது அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். கழுத்தில் ஒரு தழும்பு, அடிவயிற்றில் ஒரு தழும்பு. இரண்டும் எப்படி வந்தன என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பெருநாள் உடுப்பு ஞாபகம் இருந்தது, தலையிடி ஞாபகம் இருந்தது. அதற்கு அடுத்தது உம்மாவின் கையில் இருந்த கஞ்சிக் கரண்டி. நடுவில் ஒன்றுமில்லை. கனவுபோலக்கூட இல்லை.

உடம்பு தேறத் தேற, அந்த ஒன்றுமில்லாத இடம் அவளைப் படுத்தத் தொடங்கியது. வருகிறவர்கள் எல்லோரையும் பிடித்துக் கேட்டாள். உம்மா, "அதையெல்லாம் ஏன் கேக்கிறாய், அல்லாஹ் திருப்பித் தந்தானே" என்று எழுந்து போய்விடுவா. வாப்பா எதையாவது திருத்தப் போய்விடுவார். பாடம் படிக்கத் திரும்ப எப்போது வரலாம் என்று கேட்க வந்த லக்சனாதான், கடற்கரையோரம் நடந்த கதையைச் சொன்னாள். வேறொரு ஆளின் கதையைக் கேட்பதுபோல இருந்தது. "பிறகு? பிறகு நான் என்ன செய்தனான்?" என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள்.

விரலில் மோதிரம் இல்லாததை அவள் கவனித்திருந்தாள். வீங்கியதால் கழற்றினோம் என்று உம்மா சொல்லியிருந்தா. ஒரு நாள் ஸஹ்ராவைக் கிணற்றடியில் மறித்தாள்.

"உண்மையைச் சொல்லு. மோதிரம் எங்க?"

"முனாஸ் மச்சானிட்ட இருக்கு."

"அவர் கழற்றினவரா?"

ஸஹ்ரா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எறிந்தது, கத்தியது, கடித்தது. பஸ்மியா கேட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்ப வெளியே வந்தாள். வேலி வரை போய் வந்தாள். அன்று முழுக்க அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. அந்த நடையைப் பார்த்து, வருத்தம், அந்த நோய், திரும்பிவிட்டதோ என்று உம்மா பயந்துபோனா.

அடுத்த கிளினிக்குக்குக் கண்டிக்குப் போனபோது, டொக்டர் குலசிங்கத்திடம் நேராகவே கேட்டாள். நரம்பியல் டொக்டரான அவர் லிங்கநகரில் வளர்ந்தவர். அவளை "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

"டொக்டர், அந்த நாளெல்லாம் எங்கயோ உள்ளுக்குக் கிடக்கா? தேடினா வருமா?"

அவர் ஒரு தாளை எடுத்து ஒரு கிளை கீறினார். அதில் சின்னச் சின்ன முளைகள்.

"இது மூளையில இருக்கிற ஒரு நரம்புக் கலத்தின்ர கிளை. இதில ஆயிரக்கணக்கில முள்ளு இருக்கு. முள்ளெண்டாலும் தலை பருத்து, கழுத்து ஒடுங்கி, காளான் மாதிரி. பக்கத்துக் கலம் அனுப்புற செய்தி இந்த முள்ளுத் தலையிலதான் வந்து இறங்கும். அதில ஒரு வாசல் இருக்கு. செய்தி வந்தா மட்டும் அது திறக்காது. செய்தியும் வரவேணும், அதே நேரம் இந்தக் கலமும் உசார்பட்டு இருக்கவேணும். ரெண்டும் ஒண்டாச் சேர்ந்தாத்தான் திறக்கும். திறந்த உடனே கல்சியம் உள்ளுக்குப் பாயும்."

"கல்சியமோ?" என்றா உம்மா.

"ஓம் அம்மா. கழுத்து ஒடுக்கம் எண்டதால அது கிளைக்குப் பெரிசாப் பரவாது. அந்த முள்ளுக்குள்ளயே நிண்டு வேலை செய்யும். ஒரேயடியா நிறையப் பாய்ஞ்சா முள்ளு பருக்கும், இணைப்பு இறுகும். கொஞ்சங் கொஞ்சமா நெடுக ஒழுகினா, மாறி நடக்கும், முள்ளு சிறுக்கும். பக்கத்து முள்ளு இருந்தபடி இருக்கும். நாங்க புதுசா ஒண்டைப் பழகிறது, ஞாபகம் வைக்கிறது எல்லாம் இப்பிடித்தான் தொடங்குது எண்டு ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் சொல்றாங்க."

பஸ்மியாவுக்குச் சட்டென்று ஸ்கூட்டியில் தடுமாறும் பெண்கள் ஞாபகம் வந்தார்கள். "அப்ப ஒருத்தி ஸ்கூட்டியில பலன்ஸ் பிடிக்கேக்கயும் இதுதான் நடக்குதா?"

"ஓம், அதுக்குள்ளயும் இது இருக்கு."

"நான் பாலும் நெத்தலியும் குடுத்துத்தானே வளத்தனான்" என்றா உம்மா, மனம் பொறுக்காமல். "இவளுக்கு எப்பிடிக் கல்சியம் குறைஞ்சது?"

டொக்டர் சிரித்துவிட்டார். "கல்சியம் குறையேல்ல அம்மா. வாசல்தான் குறைஞ்சது. வயித்தில இருந்த கட்டிக்குள்ள மூளைக் கலம் மாதிரிக் கொஞ்சம் வளந்திருந்தது. சில கட்டியில அப்பிடி வாறது. உடம்பு அதை எதிரியெண்டு நினைச்சு எதிர்ப்புப் பொருளைச் செய்துபோட்டுது. அது மூளைக்கும் போய், அங்க இருந்த வாசலுகளைப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்துப்போட்டுது." அவர் பஸ்மியாவைப் பார்த்தார். "அதால பிள்ளை, நீங்க அந்த நாளுகளை மறக்கேல்ல. மறந்தா ஒரு வேளை தேடலாம். இது பதியவேயில்ல. தேட இடமில்ல."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்த நேரம் நான் சிலதுகள் சொல்லியிருக்கிறன். அது நான் சொன்னதா, வருத்தம் சொன்னதா?"

"அடக்கிப் பிடிக்கிற கலங்களும் அந்த நேரம் சோர்ந்துபோகும். அதாலதான் ஆக்கள் கத்துறது, ஓடுறது எண்டு நினைக்கிறம். ஆனா ஒரு சொல்லு எங்கயிருந்து வந்ததெண்டு எந்த மெஷினும் காட்டாது. அதை இப்ப இருக்கிற நீங்கதான் யோசிக்கவேணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் யோசித்தாள். தேட இடமில்லை என்றால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வலிப்பு வந்ததால் வாகனம் ஓடக்கூடாது என்று டொக்டர் தடை போட்டிருந்தார். ஓடவும் முடியாமல், தேடவும் முடியாமல், அவள் காலைகளில் கிண்ணியாப் பாலத்தின் நடுவரை நடந்து போய் மீன் பிடிப்பவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஒன்று மட்டும் ஒவ்வொரு நாளும் தெளிந்துகொண்டு வந்தது. ஸ்கூட்டியை விடமாட்டேன் என்று கத்தியது அவளுக்குத் தெரியாது. ஆனால் "ஓம் மாமி" என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. சுகமாக இருந்தபோது, கதிரை எடுக்க ஓடும் அவசரத்தில், ஒரு கணமும் யோசிக்காமல் சொன்ன சொல் அது.

முனாஸ் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தான். ஹோலில் கதிரையில் இருந்தான். ஸஹ்ரா குசினி வாசலில் நின்றாள்.

"வருத்தத்தில சொன்னதெண்டு ஒரு வார்த்தை உம்மாட்டச் சொல்லுங்க. அவ சமாதானமாகிடுவா. மோதிரம் என்னட்டத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியாததை நான் எப்பிடிச் சொல்ற?" பஸ்மியா சன்னலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். "உங்களை வேணாமெண்டு நான் இப்ப சொல்லேல்ல. ஆனா வேலையை விடேலாது."

"ஓம் எண்டீங்களே, அண்டைக்கு?"

"சொன்னனான். யோசிக்காமச் சொன்னனான். அதுதான் பிழை."

அவன் முகம் சிவந்தது. அவன் கோபப்பட்டு அவர்கள் பார்த்ததில்லை. "வார்டுக்கு வெளியில வாங்கில கிடந்தனே, அது தெரியுமா உங்களுக்கு? இரத்தத்துக்கு ஆள் தேடிக் கண்டி முழுக்கத் திரிஞ்சனே?"

பஸ்மியா நின்றாள். "தெரியாது. ஸஹ்ரா சொன்னா. சொல்லித்தான் தெரியும். அதுதான் எனக்குப் பெரிய கரைச்சலாக் கிடக்கு. எனக்காக நீங்க கிடந்ததை நான் ஒருக்காவாவது கண்ணால பாத்திருக்கவேணும். இனி எந்தக் காலத்திலயும் பாக்கேலாது."

முனாஸ் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மடித்தான், விரித்தான். "உம்மாக்கு நான் என்ன சொல்ற?" என்றான் கடைசியில்.

"நீங்க சொல்லாதீங்க. நானே வாறன்."

அடுத்த கிழமை ஸஹ்ராவையும் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் பஸ் ஏறினாள். நஜ்முன் நிஸா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பஸ்மியா உட்கார்ந்ததும் மணிக்கட்டை நீட்டினா. பல் பதிந்த இடம் வளைவாக வெளிறிக் கிடந்தது.

"இதையும் தெரியாதெண்டு சொல்லப்போறியா?"

"தெரியாது மாமி. ஆனா பல்லு என்டதான்" என்றாள் பஸ்மியா. அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்க. இதுக்கு மட்டும்தான் மன்னிப்புக் கேக்க வந்தனான். மற்றதுக்குக் கேக்கேலாது. கலியாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவன். அண்டைக்கு உங்களுக்கு ஓமெண்டு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கிறன்."

நஜ்முன் நிஸா கையை இழுத்துக்கொண்டா. "நீ அண்டைக்குக் கத்தினது எனக்கு நோகேல்ல. வருத்தக்காரியெண்டு விட்டிட்டன்" என்றா. "இண்டைக்கு இப்பிடி மெதுவாச் சொல்றாய் பார், அதுதான் நோகுது." பிறகு எழுந்து போய் இரண்டு பேருக்கும் சோறு போட்டா. சாப்பிட்டு முடியும்வரை அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. "அவனோட கதைச்சுப்போட்டுச் சொல்றன்" என்று மட்டும் வாசலில் சொன்னா.

ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. முனாஸ் நீட்டி எடுத்த லீவும் முடிந்து அவன் கட்டாருக்குப் போய்விட்டான். போகும்போது மோதிரத்தையும் கொண்டு போனானா, வைத்துவிட்டுப் போனானா என்று பஸ்மியாவுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அந்த மாதங்கள்தான் எல்லாவற்றிலும் கடினமானவை என்று இப்போதும் சொல்வாள். போன் அடித்தால் ஓடுவாள், எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள். பயிற்சிப் பள்ளியில் வீதிச் சட்ட வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள், போனாள். கரும்பலகைக்கு முன் நடந்து நடந்து பாடம் எடுத்தாள்.

மழைக்காலத்தில் ஒரு பகல் முனாஸ் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், திரும்பப் போகிற எண்ணமில்லையாம். நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வயரிங் வேலை பிடித்திருக்கிறானாம். "உம்மா இன்னும் ஓமெண்டு சொல்லேல்ல" என்றான். "வேணாமெண்டும் சொல்லேல்ல. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

நிக்காஹ் சின்ன அளவில் நடந்தது. நஜ்முன் நிஸா வந்தா. மருமகளுக்கு முகம் கொடுத்து ஒரு சொல் கதைக்காமல் முதல் நாளைக் கழித்தா. அடுத்த நாள், "இவளுக்கு ஆரும் சாப்பாடு போட்டதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டா. இன்றுவரை அவவுக்கு அந்த வேலை பிடிக்காது. மருமகள் மூதூருக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வா. ஆனால் சந்தைக்குப் போக வேண்டுமென்றால் பின்சீட்டில் ஏறிக்கொள்வா.

தடை நீங்கியதும் பஸ்மியா மீண்டும் பழக்கத் தொடங்கினாள். முனாஸும் அவளும் இப்போது நகருக்குள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அந்த நோய் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வராமலும் போகலாம். அதனால் காய்ச்சலோ தலையிடியோ வந்தால் வீடே பதறும். முனாஸ் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான். பஸ்மியா ஸஹ்ராவுக்குப் போன் எடுப்பாள். ஸஹ்ராவும் இப்போது கலியாணம் முடித்து, பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளைக்குத் தாய்.

சென்ற மாதமும் அப்படித்தான், காலையிலேயே பஸ்மியாவுக்கு உடம்பு சுட்டது. போனை எடுத்தாள்.

"ஸஹ்ரா, எனக்குத் தெரியாத கதையொண்டு சொல்லு. பின்னேரம் என்னட்டத் திருப்பிக் கேள்."

ஸஹ்ரா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கப்பல்துறைக்குக் கிட்ட நேத்து ஒரு லொறி பிரண்டதாம். முழுக்கப் பூசணிக்காய். ரோட்டெல்லாம் உருண்டுபோய் பஸ் போகேலாம நிண்டதாம். ஒரு பொலிஸ்காரர் காலால தட்டித் தட்டி ஒதுக்கினவராம்."

பஸ்மியா படுத்தாள், எழும்பினாள், நடந்தாள், திரும்பப் படுத்தாள். முனாஸ் கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாயைப் பாக்காதீங்க, எனக்குக் கூச்சமாக் கிடக்கு" என்றாள். அவன் கையைப் பார்க்கத் தொடங்கினான்.

பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி முடிந்தும் ஸஹ்ராவின் போன் வரவில்லை. பஸ்மியாவே எடுத்தாள்.

"லொறி. பூசணிக்காய். கப்பல்துறை. பொலிஸ்காரர் காலால தட்டினவர்."

"என்ன பூசணிக்காய் ராத்தா?" என்றாள் ஸஹ்ரா.

"நீதான் சொன்னாய், காலையில!"

"அட, ஓம். பிள்ளையின்ர பள்ளிக் கூட்டத்தில நான் மறந்தே போனன்."

பஸ்மியா போனைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்ததைப் பார்த்து முனாஸ் பதறி எழுந்தான். "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று கையசைத்தாள். அது சாதாரணத் தடிமன் காய்ச்சல். இரண்டு நாளில் விட்டுவிட்டது.